துண்டுக்குள் மூன்றாவது கை

ஓசூர், சேலம் ஜில்லாவில் இருந்த காலம். நான் பெங்களூரில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன். அங்கேயே அணுக்கரு ஆராய்ச்சிக்கு இடமும் கிடைத்துவிட்டது. உதவித்தொகை கிடைக்குமா என்பதுதான் தெரியவில்லை. கிடைக்காவிட்டால் கைக்காசில் படிக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். அப்பா சிரித்துவிட்டார்.

"கண்ணுக்கே தெரியாததை ஆராயறதுக்கு எவன்டா காசு குடுப்பான்? நாமதான் கட்டணும்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதரிடம் இதுதான் தொல்லை. வாயை மூடிக்கொண்டால் ஏதோ முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

மறுவாரம் பேராசிரியர் கூப்பிட்டனுப்பினார். உதவித்தொகை உறுதி என்று சொல்லி, எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். என் உள்ளங்கை வியர்த்து வழிந்தது. வெட்கமாகப் போயிற்று.

திரும்பி வரும்போது பஸ் ஓசூர் சந்தை அருகே நின்றது. ஜன்னல் வழியே பார்த்தால், இடக்கொம்பு முறிந்த மயிலைக்காளை. அட, எங்கள் மாடு! பக்கத்தில் அதன் ஜோடி. நடுவில் அப்பா. அவர் கை மாட்டுத் தரகரின் துண்டுக்குள் இருந்தது. எங்களுக்கு ஏரும் வண்டியும் அந்த ஜோடிதான். அது போனால் அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்கு நிற்க வேண்டும்.

விழுந்தடித்து ஓடினேன். "அப்பா, விக்காதீங்க! பணம் அவங்களே குடுக்கறாங்க!"

"சும்மா இருடா. கை உள்ள இருக்குது."

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். கடைசியில் உள்ளங்கைகள் சேர்ந்துவிட்டால் பேச்சு மாறக் கூடாது. வாயால் சொல்லும் தொகை அங்கே அப்பாவின் காதில் ஏறவே ஏறாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் என் கையையும் அதே துண்டுக்குள் விட்டேன்.

தரகர் தேள் கொட்டினவர்போலத் துள்ளினார். "என்னய்யா அநியாயம்! மூணாவது கை நுழையலாமா?" மீதியைக் கன்னடத்தில் திட்டினார். அதை இங்கே எழுத முடியாது.

நான் அப்பாவின் ஒரு விரலை இறுக்கிப் பிடித்தேன். நூறு. அடுத்த விரலில் பாதி. ஐம்பது.

"வருசத்துக்கா?" என்றார்.

"மாசா மாசம்ப்பா!"

அப்போதும் அவர் முகம் இளகவில்லை. "வாயால சொன்னாங்களா, கை குடுத்தாங்களா?"

"பெரியவரே எந்திரிச்சு நின்னு குடுத்தாருப்பா."

"உள்ளங்கை சேந்துச்சா?"

"நல்லாச் சேந்துச்சு. வேர்வையோட."

"அப்ப இனி எவனும் பேச்சு மாற மாட்டான்" என்று அப்பா கையை உருவிக்கொண்டார். மாட்டுக் கயிற்றைப் பிடித்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அப்பாடா! அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

கொஞ்ச தூரம் போனதும், "இன்னும் அரை விரல் ஏத்திக் கேட்டிருக்கலாமேடா" என்றார். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் துண்டு தோளிலேயே கிடந்தது. பின்னால் தரகர், அப்பாவின் கையோடு வந்துவிட்ட தன் துண்டைக் கேட்டுக் கத்திக்கொண்டே ஓடி வந்தார்.