தறியில் இருந்த புடவை

நல்ல மருத்துவர் ஒருவர் தானே கலக்கிய மருந்தைக் குடித்துக் கொடியவனாக மாறும் பழைய ஆங்கிலக் குறுநாவல் எங்களுக்குக் கல்லூரியில் பாடம். ஒரே உடம்பில் இரண்டு மனிதர்கள் என்றார் பேராசிரியை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதே வாரம், அடி தாங்காமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட அக்காவைத் திரும்ப அழைத்துப்போக முள்ளிப்பட்டிலிருந்து அவள் மாமியார் வந்திருந்தார்.

“எம் புள்ள தங்கம்மா. குடிச்சாதான் வேற ஆளாயிடறான். என்னா பண்றோம்னே அவனுக்குத் தெரியறதில்ல.”

அப்பா தலையாட்டினார். அக்காவின் நெற்றியில் தையல்கூட இன்னும் பிரிக்கவில்லை.

நான் கேட்டேன். “டிவிய ஒடைச்சாரு, அக்கா மண்டைய ஒடைச்சாரு. பக்கத்துலயே தறியில பாதி நெய்த பட்டுப் பொடவை இருந்துச்சே அத்தே, அதுல ஒரு இழை அறுந்துச்சா?”

ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. புடவை கெட்டால் முதலாளி கூலியில் பிடித்துக்கொள்வார். அது போதையிலும் மாமாவுக்குத் தெரிந்திருந்தது.

அக்கா போகவில்லை. தேர்வில் அந்தக் குறுநாவலைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். இதில் இரண்டு பேர் இல்லை, எதை உடைக்கலாம் என்று தெரிந்து உடைக்கிற ஒரே ஆள்தான் என்று எழுதினேன். மதிப்பெண் குறைந்தது. குறையட்டும்.