கழுவிப் போகாத மஞ்சள்

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. மாதக்கணக்காகப் பேதி. கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பி நின்றது. தென்காசி டாக்டர் மலத்தைப் பரிசோதித்துவிட்டு, குடலில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார். மலேரியாவுக்கு வந்த மாத்திரைதான், இதற்கும் கேட்கிறது என்றார். காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கு மலேரியா மாத்திரையா என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு, படித்தவள் போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வேளை தவறாமல் கொடுத்தேன். பேதி குறைந்தது. சாரல் காலம், வீட்டார் எல்லோரும் ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள். இந்த உடம்போடு கூட்டிப்போகலாமா என்று யோசித்துக்கொண்டே நானும் போனேன்.

பெண்பிள்ளைக்குத் தினமும் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுவது எங்கள் வழக்கம். அருவியோரம் அவளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் குளித்த பெண் உற்றுப் பார்த்தாள்.

“ஏட்டி, பிள்ளைக்குக் காமாலையா?”

“இல்லக்கா, மஞ்சத் தேச்சது.”

“நல்லாருக்கே! இந்தத் தண்ணிக்கும் போகாத மஞ்சள எந்தக் கடையிலட்டி வாங்குன?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். குழந்தை அலறினாள். நிறம் போகவில்லை. அவள் உள்ளங்கையைத் திருப்பினேன். அங்கும் மஞ்சள். உள்ளங்கையில் நான் ஒருநாளும் பூசியதில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஈரச் சேலையோடு தென்காசி பஸ் ஏறினேன். மாத்திரையை நிறுத்துவதா, நிறுத்தினால் பேதி திரும்புமா, என் கையாலேயே பிள்ளையின் ஈரலைக் கெடுத்துவிட்டேனா? மேலகரம் தாண்டியும் இதேதான் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் அவள் இமையை இழுத்துப் பார்த்தார்.

“கண்ணு வெள்ளையால்லா இருக்கு! காமாலைன்னா மொதல்ல கண்ணுதான் மஞ்சளாகும். இது மாத்திரையோட சாயம்மா. மருந்து முடிஞ்சா கொஞ்சங் கொஞ்சமாப் போயிரும்.”

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா, டாக்டர்?”

“சொல்லியிருந்தா கொடுத்திருப்பீயளா?”

ஒரு டாக்டர் இப்படியும் கேட்பாரா? கோபம் வந்தது. கொடுத்திருக்க மாட்டேன் என்பதும் உறைத்தது.

மிச்ச மாத்திரைகளையும் கொடுத்து முடித்தேன். ஒவ்வொரு வேளையும் முற்றத்து வெளிச்சத்தில் நிறுத்தி, கண்ணின் வெள்ளையைப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன். அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. நான் மாத்திரையை எடுத்ததுமே ஓடி வந்து, கீழிமையைத் தானே விரலால் இழுத்துக் காட்டினாள்.