நெட்டை வளையத்தின் சாட்சியம்

அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்களுக்குச் சந்தேகம் என்ற வியாதி வந்ததே இல்லை. அதில் மூன்று பத்திகள் இருந்தன. முதலாவதன் தலைப்பு ‘பழைய கருவி’. இரண்டாவது ‘புதிய கருவி’. மூன்றாவது ‘புதிய கருவியின் பிழை’. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தப்பு புதியதன்மீதுதான் என்று, கணக்கு தொடங்கும் முன்பே தீர்ப்பு அச்சாகிவிட்டது.

அவள் பேனாவை எடுத்து மூன்றாவது தலைப்பை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே ‘வித்தியாசம்’ என்று எழுதினாள்.

அலுவலகத்தில் அவளைப் பிக்கோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நொடியை லட்சம் கோடித் துண்டுகளாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு ஒரு பிக்கோ நொடி. அந்த ஒற்றைத் துண்டுக்காக அரை நாள் மல்லுக்கட்டுகிறாள் என்று கேலியாக வைத்த பெயர். அவள் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டு மின்னஞ்சலின் அடியிலும் போட ஆரம்பித்தாள். கேலி செய்தவர்களுக்குச் சுவாரசியம் போய்விட்டது.

அது சிப் வடிவமைக்கும் கம்பெனி. நகத்தளவு சிப்புக்குள் கோடிக்கணக்கான கம்பிகள். ஒரு முனையில் புறப்படும் சமிக்ஞை அடுத்த கடிகாரத் துடிப்புக்குள் மறுமுனையைத் தொட்டாக வேண்டும். தொடாவிட்டால் கணக்கு தப்பும், மெஷின் நிற்கும். தொடுமா தொடாதா என்பதைச் சிப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் முன்பே சொல்வதுதான் அந்தக் கருவிகளின் வேலை. முதலில் வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு கம்பியும் எவ்வளவு மின்சாரத்தைத் தடுக்கும், எவ்வளவைத் தேக்கும் என்று கறந்தெடுக்கும். பிறகு அந்த எண்களை வைத்து நேரத்தைக் கணிக்கும். பழைய கருவி பத்து வருடமாக அங்கே குடியிருந்தது. அதைத் ‘தங்கம்’ என்றே சொல்வார்கள். தங்கத்தை யாரும் உரசிப் பார்த்ததில்லை.

அவளுக்கு அந்தத் தங்கத்தோடு ஒரு பழைய வழக்கு இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சிப்பின் கடைசிச் சரிபார்ப்பில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். எல்லாப் பாதைகளும் சரி என்று தங்கம் சொன்னது. சிப் தயாராகி வந்தபோது முழு வேகத்தில் ஓட மறுத்தது. நடந்தது ஏன் என்று விசாரிக்க யாருக்கும் பொறுமை இல்லை. தவறுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது அவள் முகம். ‘கடைசிச் சரிபார்ப்பில் கவனக்குறைவு’ என்று அவள் கோப்பில் ஒரு வரி ஏறியது. கையெழுத்து உரிமை போனது. காகிதக் கட்டுகள் அடுக்கிய அறையை ஒட்டிய மேசைக்கு, கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு அவளைத் தள்ளினார்கள். அந்த ஒற்றை வரியை அழிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

இப்போது அடுத்த சிப் ஒன்பது நாளில் தொழிற்சாலைக்குப் போகிறது. அதைப் பழைய கருவியிலும், வாங்கலாமா என்று சோதனைக்கு வந்திருந்த புதிய கருவியிலும் ஓட்டிப் பார்த்ததில், குட்டையான கம்பிகளில் இரண்டும் ஒரே பேச்சு. நீளமான கம்பிகளில் மட்டும் புதியது நூற்றுக்கு ஏழு பங்கு அதிக நேரம் காட்டியது. இருநூற்றுப் பன்னிரண்டு பாதைகள் தேறவில்லை என்றது.

மேலாளர் படிவத்தைப் பார்த்தார். அடித்த தலைப்பைத்தான் முதலில் பார்த்தார்.

“ஏம்மா, படிவத்தையே திருத்துவியா நீ?”

“தப்பா இருந்தா திருத்தணும்ல சார்.”

“புதுசு ஒரு பயந்தாங்கொள்ளி. எதைப் பாத்தாலும் லேட்டு லேட்டுன்னு கத்துது. ஏழு சதவீதம் பிழைன்னு போட்டு வியாழக்கிழமை குடு. முடிஞ்சுது.”

“பிழை யாருதுன்னு எப்படி சார் தெரியும்?”

“தங்கம் சரின்னு சொல்லிடுச்சே.”

“தங்கம் சரின்னு யார் சொன்னா?”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் இல்லாதபோது அவர் செய்யும் வேலை அது.

மறுநாள் விடியற்காலை, சமையலறையில், பேருந்து ஓட்டுநரான கணவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே அவள் புலம்பலைக் கேட்டான்.

“எங்க டிப்போலயும் ஒரு தங்கம் இருக்கு” என்றான். “டைம் ஷீட். அதைப் போட்ட மகராசன் ஒரு லீவு நாள் காலைல காலி ரோட்டுல கார்ல போய் கணக்கெடுத்திருக்கான். அப்புறமா பதினோரு வேகத்தடை போட்டாங்க. ஷீட்டு மாறல. லேட்டானா மெமோ மட்டும் எனக்கு கரெக்டா வந்துடும்.”

“நீங்க ஒரு புது ஷீட்டு போட்டுக் காட்ட வேண்டியதுதானே?”

“போட்டா பழைய ஷீட்ட வெச்சு என்னுது தப்பும்பான். ரெண்டு காகிதத்துல எது சரின்னு காகிதத்தப் பாத்தா எப்படி தெரியும்? ரோட்டுல இறங்கில்ல பாக்கணும்.”

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

“என்னங்க, இன்னைக்கு பாப்பாவ நீங்களே ஸ்கூல்ல விட்டுடுங்க.”

“பஸ்ஸ எடுத்துட்டு போயா விடறது?” என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் அவள் செருப்பு மாட்டியாகிவிட்டது.

கம்பெனியின் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவரை ஊசி அண்ணன் என்பார்கள். சிப்பின்மேல் மயிரிழை ஊசிகளை இறக்கி அளப்பவர். மூன்று வருடங்களுக்கு முன் ஓட மறுத்த அந்தச் சிப்புகளில் ஒரு தட்டு இன்னும் அவர் அலமாரியில் இருந்தது.

“அண்ணே, அதோட மூலையில ரெண்டு வளையம் இருக்கும்.”

“இருக்கு. குட்டை ஒண்ணு, நெட்டை ஒண்ணு. வெச்சவங்களே மறந்துட்டாங்க.”

சமிக்ஞை சுற்றிச்சுற்றி ஓடும் சின்ன மைதானங்கள் அவை. குட்டை வளையத்தில் கம்பிகள் குட்டை. நெட்டை வளையத்தில் நீளம். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று அளந்தால் போதும். கருவி கணித்த எண்ணுக்கு எதிரே இயற்கை சொல்லும் எண் வந்து நிற்கும்.

“எத்தனை சிப்பு அளக்கணும்?”

“நாப்பது.”

“ஏம்மா, ஒண்ணு போதாதா?”

“ஒண்ண அளந்தா, அது ஒரு தறுதலை சிப்புன்னு சொல்லிடுவாங்க அண்ணே.”

“உன்னைப் பத்தியும் அப்படித்தான சொன்னாங்க” என்றபடி ஊசியை இறக்கினார்.

அவள் அதே வளையங்களின் வரைபடத்தை இரண்டு கருவிகளிலும் ஓட்டினாள். இரண்டாம் நாள் மதியம் எண்கள் வந்தன. குட்டை வளையத்தில் பழையது, புதியது, அளவு மூன்றும் ஒன்று. நெட்டை வளையத்தில் அளந்த நேரம் பழைய கருவியின் கணிப்பைவிட நூற்றுக்கு ஏழு அதிகம். புதியதற்கும் அளவுக்கும் ஒரு பங்குகூட வித்தியாசமில்லை. நாற்பது சிப்புகளும் வரிசையாக நின்று ஒரே சாட்சியம் சொன்னன. ஊசி அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, “நீ மூணு வருஷத்துக்கு முன்னாடியே இங்க வந்திருக்கணும்” என்றார்.

“அப்ப என்னை இந்தக் கதவுக்குள்ளயே விடல அண்ணே.”

எது சரி என்று தெரிந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. அடுத்து அவள் செய்தது அந்தத் தொழிலில் யாரும் செய்யாத காரியம்: கருவி கக்கிய எச்சரிக்கைகளை உட்கார்ந்து படித்தாள். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆயிரக்கணக்கில் வரும். பிழைகளை மட்டும் பார்த்துவிட்டு எச்சரிக்கைகளைத் தள்ளிவிடுவது எல்லோருடைய பழக்கம். புதிய கருவியின் நாலாயிரத்துச் சொச்சம் எச்சரிக்கைகளில் இரண்டாயிரத்து எழுபத்தாறாவது இப்படிச் சொன்னது: ‘அமைப்புக் கோப்பின் நாற்பத்தோராவது வரி புரியவில்லை, விட்டுவிட்டேன்.’

அவள் கோப்பைத் திறந்து நாற்பத்தோராவது வரிக்குப் போனாள். நிரப்பு உலோகத்தைக் கணக்கில் சேர்க்காதே என்று அது உத்தரவு போட்டது. பழையது கீழ்ப்படிந்தது; உத்தரவு புரியாத புதியது எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிட்டிருந்தது. சிப் மட்டமாக வருவதற்காகக் கம்பிகளுக்கிடையே காலியிடத்தில் உலோகத் துண்டுகளை நிரப்புவார்கள். பக்கத்தில் அவை இருந்தால் நீளக் கம்பிகள் மந்தமாகும். சாலையில் போட்ட வேகத்தடைகள். அவற்றைச் சேர்த்தால் கணக்கு முடியப் பதினாலு மணி நேரம், சேர்க்காவிட்டால் ஐந்து. யாரோ அவசரத்தில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள்; பிறகு அந்தக் கோப்பு ஒவ்வொரு சிப்புக்கும் வேதம்போல நகலெடுக்கப்பட்டது. வேதத்தைத் திறந்து படிக்க யாருக்கும் தோன்றவில்லை.

வரியின் அருகே எழுதியவரின் முதலெழுத்துகளும் ஆறு வருடத்துக்கு முந்தைய தேதியும் இருந்தன. முதலெழுத்துகள் மேலாளருடையவை.

அந்த ஒரு வரியை எடுத்துவிட்டுப் பழைய கருவியை மறுபடி ஓட்டினாள். அது சமர்த்தாகப் புதியதன் பக்கத்தில் வந்து நின்றது.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு இயக்குநர் வந்திருந்தார். குறைவாகப் பேசி அதிகமாகக் குறிப்பெடுக்கும் பெண்மணி. அவள் சுவரில் நான்கு பத்திகள் கொண்ட படிவத்தைக் காட்டினாள். கடைசிப் பத்தியின் தலைப்பு ‘அளந்தது’.

“அப்ப பழைய கருவிய தூக்கிடலாமா?” என்றார் இயக்குநர்.

“வேண்டாம் மேடம். அதுவும் நல்ல கருவிதான். நாமதான் அதோட கண்ணக் கட்டி விட்டிருக்கோம்.”

“யார் கட்டினது?”

அவளுக்கு ஒரு பெயர் நாக்கு நுனியில் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் இதே அறையில் தன் பெயரை எவ்வளவு சுலபமாகச் சொன்னார்கள் என்பதும் நினைவில் இருந்தது.

“கோப்புல இருக்கு மேடம். ஆனா அது ஒரு ஆளோட தப்பு இல்ல. ஆறு வருஷம் அதைப் படிக்காத எல்லாரும் சேந்து பண்ணினது. நானும் படிக்கல. என் கோப்புல மட்டும் ‘கவனக்குறைவு’ன்னு ஒரு வரி இருக்கு. அந்த சிப்பு ஏன் ஓடலன்னு இப்ப தெரிஞ்சுடுச்சு. அதனால அந்த வரிய எடுங்க. அதோட இடத்துல காரணத்த எழுதுங்க.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

“அந்த வரி நான் எழுதினது” என்றார். “நாப்பத்தொண்ணும் நான்தான். இவ கோப்புல இருக்கறதும் நான்தான்.”

இயக்குநர் பேனாவை மூடினார். “ரெண்டையும் இன்னைக்கே எடுங்க. அந்த இருநூத்துப் பன்னிரண்டு பாதைக்கும் யார் பொறுப்பு?”

“நான்” என்றாள் பிக்கோ.

ஆறு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டும் தேறின. சிலவற்றுக்குக் கம்பியை மாற்றுப்பாதையில் விட்டார்கள். சிலவற்றுக்கு இடையில் தெம்பூட்டும் சின்னச் சுற்றுகளை வைத்தார்கள். ஊசி அண்ணன் வேலையில்லாமலே மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் காலை, கடைசிச் சரிபார்ப்புத் தாள் அவள் மேசைக்கு வந்தது. மூன்று வருடம் கழித்துப் போட்ட கையெழுத்தை அவள் அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாக, முழுசாகப் போட்டாள்.

சில மாதங்களில் சிப் வந்தது. முதல் மின்சாரத்திலேயே முழு வேகத்தில் ஓடியது. ஊசி அண்ணன் போனில் சொன்னது இரண்டே வார்த்தை: “ஓடுது பிக்கோ.” அன்றிலிருந்து அங்கே புதிதாக அச்சடித்த படிவத்தில் நான்கு பத்திகள்.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது கணவன் சாப்பாட்டு மேசையில் டிப்போவிலிருந்து வந்த மெமோவை விரித்து வைத்திருந்தான். பக்கத்தில் அவன் ஒரு மாதமாகக் கைக்கடிகாரம் பார்த்து எழுதிய நோட்டு. மெமோவில் ‘ஓட்டுநரின் தாமதம்’ என்ற தலைப்பை ஒரே கோட்டில் அடித்திருந்தான்.

“அன்னைக்கு ‘பிழை’ய அடிச்சுட்டு மேல என்ன எழுதினே நீ, உன் படிவத்துல?” என்றான்.

அவள் பேனாவை அவனிடம் நீட்டிவிட்டு, எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.