அந்தோணி அண்ணாச்சி படகுக்கு எடுத்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் விற்கிற தொழிலில் நாளாக நாளாக, "அது எனக்குத் தெரியாது" என்கிற வார்த்தை மட்டும் வாயில் வராமல் போய்விடும். இதே தொழிலில் கடை திறந்து அல்லாடிக்கொண்டிருக்கிற உங்களுக்கு நான் சொல்வது புரியும். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் கடை. பூ மண்டிக்குப் பில் போடுகிற மெஷின், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு லேப்டாப், மெடிக்கல் ஷாப்புக்குப் பிரிண்டர் என்று ஓடிக்கொண்டிருந்த வியாபாரத்தில், நான் ஒருமுறை கடலில் மாட்டிக்கொண்டேன்.

கடல் எங்கே, நாம் எங்கே

கடையநல்லூர் மைதீன் பாய், வளைகுடாவில் துறைமுகப் படகு ஒன்றில் பல வருஷம் இன்ஜின் பார்த்தவர். ஊர் திரும்பியதும், அங்கே கூட வேலை பார்த்த தூத்துக்குடி அந்தோணி அண்ணாச்சியோடு கூட்டுச் சேர்ந்து ஒரு விசைப்படகு வாங்கினார். ஓட்டுவது அண்ணாச்சி. பாய் கரையிலிருந்து டீசல், ஐஸ், ரிப்பேர் எல்லாம் பார்த்துக்கொள்வார். ஒருநாள் கடைக்கு வந்து, "படகுல வழி பாக்கதுக்கு ஒரு கம்ப்யூட்டரும் அதுல போட சாப்ட்வேரும் வேணும் தங்கச்சி" என்றார்.

எனக்கும் கடலுக்கும் உள்ள பழக்கம், திருச்செந்தூரில் கால் நனைத்ததோடு சரி. தூத்துக்குடியிலேயே கேட்கலாமே என்றேன். போன தடவை அவர் மகளுக்குப் புது லேப்டாப் வேண்டாம், பழையதையே சரிசெய்யலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்ன காரணம் வேறு.

"அங்கன உள்ளவன் அவன்கிட்ட இருக்கத என் தலையில கட்டிருவான். உனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுல்லா, அதனால நாலு பேர்ட்ட கேட்டுத்தான் எடுத்துத் தருவ."

எல்லாம் தெரியுது

அடுத்த வாரம் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல உயரம், பேச்சு குறைவு. படகில் ஏற்கெனவே ஒரு சின்ன ஜி.பி.எஸ். பெட்டி இருக்கிறது, அதில் எண்கள் வரும், அதைப் பார்த்துத்தான் ஓட்டுகிறேன் என்றார். நான் விலைகூடிய லேப்டாப் ஒன்றை முன்னால் வைத்து, மெமரி, பிராசசர் என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். திரையில் உள்ளது தெரிகிறதா என்று கேட்டேன். "எல்லாம் தெரியுது" என்றார். ஆனால் தலையைப் பின்னுக்கு இழுத்து, கண்ணைச் சுருக்கி, திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பாய் விஷயத்தைச் சொன்னார். போன வருஷம் பெட்டியில் இருந்த எட்டை மூன்று என்று வாசித்து, படகை இலங்கை எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டாராம். பக்கத்துப் படகுக்காரர்கள் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டதால் திரும்பியிருக்கிறார்கள். தாண்டியிருந்தால் படகும் போகும், ஆட்களும் உள்ளே போக வேண்டியதுதான். கண்ணாடி போட்டால் உப்புத்தண்ணி தெறித்து மங்கிவிடுகிறது. அதைவிட, டிரைவருக்குக் கண் தெரியவில்லை என்ற பேச்சு துறைமுகத்தில் கிளம்பினால் அவர் படகில் யார் ஏறுவார்கள்? அண்ணாச்சி திரும்பி வருவதைப் பார்த்ததும் பாய் குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணப் பத்தி பேசிராத தங்கச்சி. பெட்டி பழசாயிட்டுன்னு மட்டும் சொல்லு."

கரிவலம் பஸ்ஸில் கடல்

போனில் உள்ள வரைபடம் கடலுக்கு உதவாது. கரை தாண்டினால் ஒரே நீலம், ஆழமும் தெரியாது, பாறையும் தெரியாது. கேட்டு விசாரித்து, கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டுகிற இலவச சாப்ட்வேர் ஒன்றைப் பிடித்தேன். நடுக்கடலில் இன்டர்நெட் கிடையாது என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே வாங்கி உள்ளே ஏற்றினேன். எல்லைக்கோட்டை நெருங்கினால் அலாரம் அடிக்கிற வசதியும் அதில் இருந்தது. யு.எஸ்.பி.யில் செருகுகிற சின்ன ஜி.பி.எஸ். ஒன்றும் வாங்கினேன்.

வேலை செய்கிறதா என்று பார்க்க எனக்கு ஏது படகு? கடை லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஏற்றி, மடியில் வைத்துக்கொண்டு கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் ஏறினேன். கடல் வரைபடத்தில் தரை என்றால் வெறும் மஞ்சள்தான், எங்கள் பக்கமெல்லாம் மஞ்சள். அந்த மஞ்சளில் ஒரு குட்டிப் படகு, பஸ் திரும்புகிற பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டு போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"ஏக்கா, பஸ்ஸு கரிவலத்துக்குத்தான் போவுது. சந்தேகம்னா என்கிட்ட கேட்டிருக்கலாம்லா."

இன்ஜின் போட்டால் அணைகிற மெஷின்

லேப்டாப் வேண்டாம் என்று முடிவு செய்தேன். உப்புக்காற்றில் கீபோர்டு நிற்காது. உள்ளே காற்றாடி இல்லாத, மூடின சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றும், வெயிலிலும் தெரிகிற பெரிய திரையும் வரவழைத்தோம். தூத்துக்குடிக்குப் போய், கட்டிப்போட்டிருந்த படகில் ஏறி மாட்டினேன். கட்டிப்போட்ட படகிலேயே எனக்குத் தலை சுற்றியது. வாந்தியை அடக்கிக்கொண்டு, காற்று, நீரோட்டம், மற்ற கப்பல்கள் என்று சாப்ட்வேர் காட்டுவதையெல்லாம் திரையில் நிரப்பினேன். அண்ணாச்சி பார்த்துவிட்டு, "இதுல நம்ம போட்டு எங்கன?" என்றார். எல்லாவற்றையும் எடுத்தேன். படகு, ஆழம், தடித்த சிவப்பில் எல்லைக்கோடு, இவ்வளவுதான் மிச்சம். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பிறகு இன்ஜினைப் போட்டார். கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. மறுபடி போட்டார், மறுபடியும் அணைந்தது. இன்ஜின் கிளம்புகிற நொடியில் பேட்டரியின் வோல்டேஜ் இறங்குகிறது என்று பாய் கண்டுபிடிக்கும்வரை நான் வியர்த்துக்கொண்டு நின்றேன். நடுவில், வோல்டேஜை ஒரே அளவில் தருகிற கன்வெர்ட்டர் ஒன்றை வைத்ததும் சரியானது. அதற்கு முன்னால் அண்ணாச்சி, கோபமே இல்லாமல், கேட்டதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

"இன்ஜின் போட்டா அணையும்னா, நான் இத துடுப்பு போட்டாம்மா கொண்டு போகணும்?"

அலாரம்

படகு கடலுக்குப் போன நாட்களில் எனக்கு வேலையே ஓடவில்லை. பழைய பெட்டியைக் கழற்றாதீர்கள், இரண்டும் ஒன்றாகச் சொல்கிறதா என்று பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பெட்டியை அவரால் வாசிக்க முடியாது என்பது, படகு போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

திரும்பி வந்ததும் அண்ணாச்சி தனியாகவே கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னார். வலை தண்ணீரில் கிடக்கும்போது காற்று மாறியிருக்கிறது. அலாரம் அடித்தது. திரையில் படகு சிவப்புக் கோட்டின் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. உடனே வலையை இழுத்தால் பாதி மீன்பாடு போய்விடும். புது மெஷின் பொய் சொன்னால் ஆட்களுக்கு என்ன பதில் சொல்வது? பழைய பெட்டியைப் பார்த்தார். எண்கள் கலங்கின. சுக்கானை விடாமலே, வலை இழுக்கிற சேவியரைக் கூப்பிட்டு, "இதுல என்ன நம்பர் ஓடுதுன்னு படி மக்கா, எனக்குக் கண்ணு தெரியல" என்று சொல்லிவிட்டார். சேவியர் படித்தான். இரண்டும் ஒன்றுதான். வலையை இழுத்து, படகைத் திருப்பிவிட்டார்கள். மீன் குறைவு. ஆட்கள் எல்லோரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

"சேவியர் என்ன சொன்னான் அண்ணாச்சி?" என்றேன். அவர் கடை வாசல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"'தெரியும் அண்ணாச்சி, அன்னைக்குக் கோட்டுகிட்ட போனோம்லா, அதுக்குப் பொறவு நீங்க அசந்த நேரமெல்லாம் அந்தப் பெட்டிய நாங்க மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்'னான்."

இத்தனை வருஷத்தில் நான் விற்றதிலேயே, வைரஸ் வந்துவிட்டது என்று திரும்பி வராத ஒரே கம்ப்யூட்டர், இன்டர்நெட் எட்டாத நடுக்கடலில் ஓடிக்கொண்டிருப்பதுதான்.