மூன்று காபரேற்றரும் என் அரமும்

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் பழைய வாகனச் சாமான் வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் இஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்தச் சிலிண்டர் படுத்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். ஒரு சாக்குப் பையோடு தொடங்கிய கடை, இன்று நாலு சுவரும் தட்டுத் தட்டாய் இறாக்கை. ஒருவரும் கைகொடுத்து என்னைத் தூக்கிவிடவில்லை. இவ்வளவு தெரிந்த எனக்கு இப்படி ஒன்று நடந்ததை இன்னும் நம்ப முடியவில்லை.

பாலையூற்றில் ஓர் ஆசிரியை இருக்கிறா. அவவின் மாமனார் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குச் சாரதியாக இருந்தவர். துரை போகும்போது பழுதான அமெரிக்கக் கார் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. இஞ்சினின் மேலே இருக்கும் ஒரு பாகம் மட்டும் கோழிக்கூட்டுக்குள் கிடந்தது.

தவழ்ந்து போய்ப் பார்த்தேன். பாரமான இரும்புத் தளம், அதன்மேல் வரிசையாக மூன்று காபரேற்றர். சாதாரணக் காருக்குப் பெற்றோலையும் காற்றையும் கலக்க ஒன்று போதும். இது எட்டுச் சிலிண்டர் ராட்சதக் காருடையது. மெல்ல ஓடும்போது நடுவில் உள்ளது மட்டும் வேலை செய்யும். மிதியை அடிவரை அழுத்தினால்தான் மற்ற இரண்டும் வாய் திறக்கும். கப்பல் இஞ்சினியர் ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், கண்ணால் கண்டதில்லை. முகத்தில் ஒன்றையும் காட்டாமல் வாங்கிவந்தேன்.

என் மகள் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். அடுத்த நாளே ஒருவர் அழைத்தார். சொந்த ஊர் கிண்ணியா. வளைகுடாவில் பழைய அமெரிக்கக் கார்களைத் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறார், விடுமுறையில் வந்து நிற்கிறார். மூன்று நாளில் வருவதாகச் சொன்னார்.

மூன்று நாளும் நான் சும்மா இருக்கவில்லை. துருவும் கறளும் போகப் புளி போட்டு ஊறவைத்தேன். கம்பித் தூரிகையால் உரசினேன். வெள்ளிப் பூச்சு அடித்தேன். கடைசியாக, கடை வழக்கப்படி, அதிலிருந்த எழுத்தையும் இலக்கத்தையும் அரத்தால் அராவி வழுவழுப்பாக்கினேன். அது சண்டைக் காலத்து வழக்கம். மூதூருக்கோ புல்மோட்டைக்கோ ஒரு சாமான் கொண்டுபோனால் சோதனைச்சாவடியில் இலக்கத்தைப் பார்த்து, எந்த வாகனத்தில் கழற்றியது, கடிதம் எங்கே என்று அரைநாள் நிறுத்திவைப்பார்கள். இலக்கம் இல்லாதது வெறும் இரும்பு, போ என்று விட்டுவிடுவார்கள். சண்டை முடிந்து எத்தனையோ வருடம் ஆகியும் என் கை அதை விடவில்லை.

வந்தவர் அதை மூடியிருந்த சாக்கை விலக்கியதும் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"ஐயா, என்ன செஞ்சு வெச்சிருக்கிறீங்க?"

"மினுக்கி வச்சிருக்கிறன் தம்பி. முகம் பார்க்கலாம்."

"காபரேற்றர்ல இருந்த அந்த மங்கின மஞ்சள் நெறம் கொம்பனில போட்டது. அதத் தேடித்தானே நான் வந்தன்!" குனிந்து விரலால் தடவினார். முகம் மாறியது. "நம்பர் எங்க?"

"அராவிப்போட்டன்."

"படத்துல இருந்திச்சே. நான் வாறன் எண்டு சொன்னதுக்குப் பிறகு ஏன் அராவினீங்க?" குரலைத் தாழ்த்தினார். "ஐயா, இது களவெடுத்த சாமானா?"

இத்தனை வருடத்தில் என்னைப் பார்த்து ஒருவரும் கேட்காத கேள்வி. களவுச் சாமான் கடை வாசற்படி ஏறியதில்லை என்று கோயிலில்கூடப் பெருமையடித்தவன் நான். "ஏறும் தம்பி என்ர ஓட்டோவில," என்று சாமானையும் தூக்கி வைத்துக்கொண்டு நேரே பாலையூற்றுக்குப் போனேன்.

ஆசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தா.

"இது எங்கட இல்ல அண்ணன்."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? உன்ர கோழிக்கூட்டில எடுத்தனான்!"

"எங்கட சாமான் கறள் பிடிச்சுக் கிடந்தது. இது புதுசு மாதிரி மினுங்குது. பொய் சொல்ல எனக்கு ஏலாது."

கிண்ணியாக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்போதுதான் யோசனை வந்தது. கூட்டின் கதவைத் திறந்தேன். அடைகிடந்த கோழி கையில் கொத்தியது. சீமெந்துத் தரையில், அந்த இரும்பு வருடக்கணக்காய்க் கிடந்த இடத்தில், செம்மண் நிறத்தில் அச்சு இருந்தது. மூச்சுப் பிடித்துத் தூக்கி அதன்மேல் வைத்தேன். மூலைக்கு மூலை சரியாய்ப் பொருந்தியது.

"அட, எங்கடதான்!" ஆசிரியை வாயைப் பொத்தினா. "மன்னிச்சிருங்கோ அண்ணன், அடையாளமே தெரியேல்ல."

கிண்ணியாக்காரர் என் கையைப் பிடித்தார். "நீங்க கள்ளன் இல்ல ஐயா. என்ன மன்னிச்சிருங்க. ஆனா இத நான் எடுக்க ஏலாது. நான் உங்களக் கேட்டதத்தான் அங்க எல்லாரும் என்னக் கேப்பாங்க. அங்க காட்ட என்னட்டக் கோழிக்கூடு இல்லியே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஓட்டோவில் திரும்பும்போது கேட்டார்:

"கடையில வேற எத்தினையில அரம் போட்டிருக்கிறீங்க?"

அவரைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டுக் கடைக்கு வந்தேன். முதல் தட்டில், பழைய ஆங்கிலக் காரில் கழற்றிய இரட்டைக் காபரேற்றர். வருபவர்களுக்கெல்லாம் நான் தூக்கிக் காட்டிப் பெருமையடிப்பது. திருப்பிப் பார்த்தேன். வழுவழுப்பு. அடுத்ததும் வழுவழுப்பு. பின்பக்கத்து வீட்டிலிருந்து மனைவி சோற்றுக்குக் கூப்பிட்டாள். ஒவ்வொன்றாய் எடுத்து விரலால் தடவிக்கொண்டே மூன்றாம் தட்டுக்குப் போயிருந்தேன்.

நேற்று வந்த ஒரு பெற்றோல் பம்பில் மட்டும் இலக்கம் இருந்தது. அதன் பக்கத்திலேயே அரம், நானே எடுத்து ஆயத்தமாய் வைத்தது. அரத்தைக் கையில் எடுத்தேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.