ஸ்பீக்கரைக் குறை சொன்ன காலம்

எங்கள் வீட்டு ட்ரான்சிஸ்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நான்தான் முதலில் சொன்னேன். என்னைத் தவிர வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை என்பதை அப்போதே கவனித்திருக்கலாம். கவனிப்பதில் நான் அப்படியொன்றும் கெட்டிக்காரன் இல்லை.

சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் இருமுவார்கள். ரேடியோ வைத்திருப்பவன் சாயங்காலம் அதை வாசற்படியில், வெளியே பார்த்தபடி வைத்துவிட வேண்டும் என்பது அங்கே யாரும் போடாத சட்டம். பெட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுக் கேட்பவனும், கதவைச் சாத்திக்கொண்டு கறி தின்பவனும் ஒன்று. ஆகவே வரிசை முழுவதும் முற்றத்தில் உட்கார்ந்து முன்பக்கமாகக் கேட்கும். பெட்டிக்குச் சொந்தக்காரனான நான் வீட்டுக்குள்ளே பெட்டியின் முதுகுப் பக்கம் உட்கார்ந்து கேட்பேன். அத்தனை பேர் நடுவில் போய் உட்கார எனக்குக் கூச்சம். நாற்பதைத் தாண்டியும் போகாத கூச்சம் அது.

அந்த வருஷம் மழை முடிந்த சமயத்தில் பாட்டு எனக்குச் சரியாகக் கேட்காமல் போனது. பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல இருந்தது. முதலில் பேட்டரியை மாற்றினேன். பிறகு பெட்டியைத் திறந்து தூசி ஊதினேன். பிறகு கூச்சத்தைவிட்டு முற்றத்தில் பெண்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அங்கேயும் அதே பஞ்சு மூட்டை.

“ஸ்பீக்கர் போயிருச்சு” என்று என் மனைவியிடம் சொன்னேன்.

“நல்லாத்தானே பாடுது. ஆறாவது வீட்டுக் கிழவியே தாளம் போடுது, உங்களுக்கு என்ன?”

நான் வாதம் செய்யவில்லை. வாதம் செய்தால் அவள் சொல்லும் பதில் பாதி கேட்காது என்பது அதற்குள் வழக்கமாகியிருந்தது. அதையும் நான் அவளுடைய குரலில் உள்ள குறை என்றே எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வேலை ஃபேக்டரியில், ரோலர் ரூமில். வாடிய கொழுந்தை உருட்டிப் பிழியும் மெஷின்கள் அங்கே பகலெல்லாம் சுற்றும், இரவிலும் ஒரு ஷிப்ட் உண்டு. நனையாத வேலை, அட்டை கடிக்காத வேலை. எங்கள் எஸ்டேட்டில் அதைவிடப் பெரிய பாக்கியம் கிடையாது. ஆனால் காலையில் பெரட்டில், அதாவது பேர் கூப்பிடுகிற இடத்தில், ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீ மேக்கர் ஐயா பேரைச் சொன்னதும் பதில் குரல் கொடுக்க வேண்டும். எனக்கு அடுத்த ரோலரில் நின்றவருக்குப் போன வருஷம் காது மந்தமாகிவிட்டது. மணி அடித்தது கேட்காமல் மெஷினைத் தாமதமாக நிறுத்தினார் என்று அவரைத் தேயிலைக் காட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். என்னைவிட மூத்தவர், மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, தண்ணீர் வடியக் கான் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த வழியே போகும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பேன். அப்படிப் பார்க்கும் மனிதனுக்கு உள்ளுக்குள் என்ன பயம் என்று யாரும் ஊகித்துவிடலாம். நான் மட்டும் ஊகிக்கவில்லை. ஸ்பீக்கர்தான் கோளாறு என்று பிடிவாதமாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து ஜீப் ஏறி மூணாறு போனேன். பஜாரில் ரேடியோ கடை வைத்திருந்தவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். கடைக்குப் போய் ஒரு பொருளைப் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியாதவன் நான். எதைக் காட்டினாலும் தலையாட்டுவேன். அவரும் அதைத் தெரிந்து வைத்திருந்தார்.

“அண்ணாச்சி, இந்தச் சின்னது வேண்டாம். இது கொசு பாடுன மாதிரி இருக்கும். இந்தப் பெட்டியப் பாருங்க. மரப்பெட்டி, ஸ்பீக்கரு பெருசு. வயர ரேடியோவுல குத்தினாப் போதும். நல்ல கிளியராட்டு கேக்கும்.”

சின்னதையும் பெரியதையும் மாற்றி மாற்றிப் பாட வைத்தார். நான் கண்ணை மூடி, வித்தியாசம் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். உண்மையில் இரண்டும் தண்ணீருக்கடியில்தான் பாடின. பெரியதில் மட்டும் மேஜை மேல் வைத்திருந்த என் கை அதிர்ந்தது. கை அதிர்கிறதென்றால் நல்ல ஸ்பீக்கராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். காதால் தேர்ந்தெடுக்க வேண்டியதைக் கையால் தேர்ந்தெடுத்து, மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஊர் வந்து சேர்ந்தேன்.

அன்று சாயங்காலம் லயமே கூடிவிட்டது. எனக்குக் கேட்கும் அளவுக்குக் குமிழைத் திருகினேன். கோழிகள் கூரைமேல் ஏறின. பக்கத்து வீட்டுக்காரர், என்னைவிடச் சின்னவர், என் முகத்துக்கு எதிரே வந்து நின்று கத்தினார்.

“அண்ணே, பாட்டு நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுல அலமாரித் தட்டெல்லாம் கூடவே பாடுது. அத மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். வாய் அசைவதைப் பார்த்து நானும் சிரித்தேன். குமிழைத் திருப்பிக் குறைத்ததும் எனக்குப் பாட்டு மறைந்துபோயிற்று. லயம் புதிய ஸ்பீக்கரில் ஆனந்தமாகக் கேட்க, நான் உள்ளே உட்கார்ந்து மரப்பெட்டியின் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதும் புத்தி வரவில்லை. காதிலேயே மாட்டிக்கொள்ளும் சாதனம் ஒன்று இருக்கிறதே, அதை வாங்கினால் தட்டும் ஆடாது, எனக்கும் கேட்கும் என்று தோன்றியது. என் மனைவியிடம் சொன்னதும் அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஒத்தை ஆளு ஒளிச்சு வச்சுக் கேக்கவா? நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இவங்க கூடக் கொழுந்தெடுக்கப் போவேன்?”

இதை அவள் கத்திச் சொன்னதால் எனக்கு முழுவதும் கேட்டது. லயத்துக்கும் கேட்டிருக்கும். ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

கடைக்காரர் இரண்டு விதம் காட்டினார். ஒன்று, ஒற்றைக் காதில் செருகும் சின்னக் குமிழ். இன்னொன்று, தலையைச் சுற்றி வளையம் போட்டு இரண்டு காதையும் மூடுவது. அது எங்கிருந்தோ அவரிடம் ரிப்பேருக்கு வந்து, வந்தவர் திரும்பி வராததால் விற்பனைக்கு ஆனது. அதைத் தலையில் மாட்டிவிட்டு என்னைப் பலகையில் உட்கார வைத்தார். நான் கண்ணை மூடினேன். பாட்டு ஆரம்பித்திருக்கும் என்று கணக்கிட்டு மெதுவாகத் தலையாட்டினேன். தொடையில் தாளமும் போட்டேன்.

கண்ணைத் திறந்தபோது கடைக்காரர் என் முன்னால் நின்றிருந்தார். வளையத்தைத் தூக்கிவிட்டு, “எப்படி இருக்கு அண்ணாச்சி?” என்றார்.

“நல்ல தெளிவு” என்றேன்.

“இன்னும் வயரே குத்தலியே.”

வயரின் முனை அவர் கையில் இருந்தது. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்களா என்று எனக்குத் தெரியாது, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வயரைக் குத்தி, தன் காதில் வைத்து உறுதி செய்துகொண்டு, மறுபடி என் காதில் வைத்தார். மிகத் தொலைவில், அடுத்த மலையில் யாரோ முனகுவது போல இருந்தது. அவர் கையை அசைத்து, கேட்கிறதா என்று கேட்டார். நான் வளையத்தைக் கழற்றி அவரிடமே கொடுத்தேன். சாக்கைத் தலையில் போட்ட அந்த மனிதர்தான் கண்ணுக்கு முன்னால் வந்தார்.

“அண்ணாச்சி, ஸ்பீக்கரெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று அவர் என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார். “உங்க காதக் காட்டுங்க யாருகிட்டயாவது.”

“ஃபேக்டரியில யாருக்கும் சொல்லிராதீங்க” என்றேன்.

“நான் எதுக்குச் சொல்லப் போறேன்?”

அவர் சொல்லவில்லைதான். ஆனால் அன்றே தன் ரேடியோவை ரிப்பேருக்குக் கொடுக்க வந்த டீ மேக்கர் ஐயாவிடம், வயர் இல்லாமல் பாட்டுக் கேட்ட ஒருவரின் கதையைப் பேர் சொல்லாமல் சொல்லியிருக்கிறார். சூரியநெல்லியிலிருந்து ஸ்பீக்கர் வாங்கின ஆள் என்று மட்டும் சொன்னாராம். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேர் வேண்டியதில்லை.

மறுநாள் பெரட்டில் டீ மேக்கர் ஐயா என் பேரைச் சொன்னார். நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றதால் தவறவிடவில்லை. “ஐயா” என்றேன். என் குரல் என் மண்டைக்குள் பெரிதாக முழங்கியது. அந்த நாட்களில் அப்படித்தான். அதனால் இன்னும் அடக்கிப் பேசினேன். வெளியே ஒன்றும் வந்திருக்காது. நான் எப்போதுமே வாய்க்குள் பேசுகிறவன் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஐயா பக்கத்தில் வந்து கத்தினார். “டிஸ்பென்சரிக்குப் போ. கம்பவுண்டர் பாத்துச் சொல்லட்டும். காது இல்லன்னா காட்டுக்குத்தான்.”

டிஸ்பென்சரிக்குப் போகும் பாதையில் கான் வெட்டுகிறவர்களின் மண்வெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். எது கனம் குறைந்தது என்று தேர்ந்தெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். ஸ்பீக்கர் தேர்ந்தெடுத்த லட்சணத்தில் மண்வெட்டியையும் தேர்ந்தெடுப்பேன் என்று எனக்கே தோன்றியது.

கம்பவுண்டர் டார்ச் அடித்து வலது காதைப் பார்த்தார். இடது காதைப் பார்த்தார். மறுபடி வலது காதுக்கு வந்தார். எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் படுக்க வைத்து, பிறகு இடுக்கியை விட்டு இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. சிவப்பு, நீலம், கறுப்பு என்று நூலும் பிசுக்கும் அழுக்குமாக ஒரு உருண்டை.

“ஏன்யா, காதுக்குள்ள பஞ்சாலை நடத்துறியா?”

எங்கள் ரோலர் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினின் இரைச்சல் தாங்காமல், கிரீஸ் துடைக்க வைத்திருக்கும் வேஸ்ட் நூலில் ஒரு நுனியைக் கிள்ளி உருட்டிக் காதில் அடைத்துக்கொள்வோம். வேலை முடிந்ததும் பிடுங்கி எறிவோம். மற்றவர்கள் முழுவதும் பிடுங்கினார்கள். நான் வெளியே தெரிந்ததை மட்டும் பிடுங்கிவிட்டு, மறுநாள் புதியதைக் கொண்டு பழையதை இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறேன். மழைக்காலம் முழுவதும் இப்படி.

இடது காதிலிருந்தும் எடுத்தபோது, கம்பவுண்டர் இடுக்கியைத் தட்டில் போட்ட சத்தத்துக்கு நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். வெளியே தகரக் கூரையில் காக்கை நடந்தது கேட்டது. வீட்டுக்கு வந்தால், அடுப்புக்கு முன்னால் என் மனைவி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, “வந்துட்டாரு, மண்ணெண்ணெய் வாங்கியாரச் சொன்னா ஸ்பீக்கர் வாங்கியாந்த மவராசன்” என்று அரிசியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை மாதமாக இப்படிப் பேசிக்கொண்டிருந்தாளோ. நான் சத்தமில்லாமல் மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த நாள் பெரட்டில் டீ மேக்கர் ஐயா என் பேரைச் சொல்லவே இல்லை. எல்லோர் பேரும் முடிந்தது. காது சரியாகிவிட்டது என்ற கம்பவுண்டரின் பேச்சை அவர் நம்பவில்லை போலும். கான் வெட்டுகிற கூட்டம் ஒரு ஓரமாக நின்றது, அதில் எனக்கென்று ஒரு இடம் காலியாக இருப்பதுபோல எனக்குத் தோன்றியது. ஐயா மெதுவாக நடந்து என் முதுகுக்குப் பின்னால் போனார். கொஞ்சம் தள்ளியே நின்றிருப்பார். தனக்குத் தானே பேசுகிற மாதிரி, மிகவும் தணிந்த குரலில் சொன்னார்.

“இவன் இனிமே நைட் ஷிப்ட் பாக்கட்டும்.”

இரவு வேலையில் யாருக்கும் விருப்பம் கிடையாது. குளிர் எலும்பில் இறங்கும், சாயங்காலம் வீட்டில் இருக்க முடியாது. கேட்காததுபோல நின்றால் அதிலிருந்து தப்பலாம், ஆனால் நேரே கானுக்குப் போக வேண்டும். கூட்டம் முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“சரிங்கய்யா” என்றேன். காது திறந்துவிட்டதால் என் குரல் எனக்கே சின்னதாகத் தெரிந்து, கேட்க வேண்டுமே என்று பலமாகச் சொல்லிவிட்டேன். நான் அவ்வளவு பெரிதாகப் பேசி அந்த எஸ்டேட்டில் யாரும் கேட்டதில்லை. அன்றிலிருந்து சாயங்காலம் எங்கள் வாசற்படியில் மரப்பெட்டி பாடத் தொடங்கும் நேரத்தில் நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஃபேக்டரிக்குக் கிளம்பினேன். பாட்டு மிகத் தெளிவாக இருப்பதாக லயத்தில் எல்லோரும் சொன்னார்கள்.