பண்டாரி கரையிறங்கிய தீவு

தோணியில் சமைக்கிறவனுக்குப் பண்டாரி என்று பேர். தோணிக்குத் தலைவன் தண்டல். கடலில் அவன் வைத்ததுதான் சட்டம். அம்புரோஸ் தண்டல் ஓட்டிய தோணியில் ரோச்தான் பண்டாரி. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வருஷக்கணக்காகப் போய்வந்த மனுஷன். ஆனால் மாலத்தீவில் ஒரு தீவின் மணலும் அவர் காலில் ஒட்டினது கிடையாது.

நங்கூரம் விழுந்தால் மற்றவர்களுக்குக் கரை, பண்டாரிக்கு அடுப்பு. வெங்காய மூட்டையும் கூரை ஓடும் சுமந்து இறக்கிவிட்டு வருகிறவன் பசியோடு வருவான். வந்து உட்கார்ந்ததும் தட்டு விழவேண்டும். அதனால் தீவு என்றால் ரோச்சுக்கு இரண்டு பானைக்கு நடுவே, புகைக்குள் தெரிகிற தென்னை வரிசைதான். அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. "தென்னையப் பாக்க கடல் தாண்டணுமாக்கும்? ஆத்தூருக்கு பஸ் ஏறினாப் போதாதா?" என்பார்.

சாப்பாட்டில் நொட்டை சொல்வதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே சமையல்காரனைக் கூப்பிட்டு, குழம்பில் புளி பழசு என்று சொல்லிவிட்டுத்தான் கையைக் கழுவுவார். வீட்டில் மெட்டில்டா பாடு கேட்கவே வேண்டாம். கல்யாணமான நாள் முதல் திட்டு வாங்காமல் அவள் பரிமாறிய சோறு ஒன்றுகூட இல்லை.

எழுபத்திரண்டில் மாதா கோயில் திருவிழா முடிந்த கையோடு ரோச்சுக்குக் காய்ச்சல் கண்டது. கச்சான் காற்றுக் காலம், தோணிகள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. அதனால் பிழைப்புக்குப் பழுதில்லை. கிடந்து எழுந்தார். எழுந்த பிறகு ஒரு மத்தியானம் மெட்டில்டா வைத்த சாளைக் குழம்பைக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தார். பிறகு அவள் தனக்குப் போட்டுக்கொண்டு வாயில் வைத்தாள். உப்பே போடவில்லை. மறந்திருக்கிறாள்.

"என்ன ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சிட்டீரு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான இருந்துது."

மெட்டில்டா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். "உமக்கு நாக்கு போயிருச்சு" என்றாள்.

போய்த்தான் இருந்தது. வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. மிளகாய் எரிக்கிறது தெரியும், சூடு தெரியும். மற்றதெல்லாம் ஈர மண்ணை மெல்லுகிற மாதிரி. எலுமிச்சங்காயை அறுத்து நாக்கில் தேய்த்துப் பார்த்தார். வைத்தியர் கொடுத்த கஷாயத்தைக் குடித்தார். அது கசப்பு என்று மெட்டில்டா சொல்லித்தான் தெரியும்.

"தண்டல்கிட்ட சொல்லிரும்" என்றாள் அவள்.

"சொல்லிட்டு? பண்டாரிக்கு நாக்கு இல்லன்னா தோணிக்குப் பாய் இல்லாத மாதிரி. ஒரு தண்டல் காதுல விழுந்தா சாயங்காலத்துக்குள்ள கடற்கரை பூராவும் தெரிஞ்சிரும். எவன் என்னை ஏத்துவான்? கயிறு இழுக்க இந்த முட்டங்காலு கேக்குமா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அடுப்பை விட்டால் அவருக்குத் தெரிந்த தொழில் வேறு கிடையாது.

பாய் விரிக்கிற காலம் வந்ததும் ஒன்றும் நடக்காதவர்போலத் தோணி ஏறினார். கடலில் அவருக்கு ஒரு பிடி இருந்தது. தோணியில் உப்புக்கல் போட்டு யாரும் சமைப்பதில்லை. பீப்பாய்த் தண்ணீர் மூன்று சிரட்டைக்குக் கடல் தண்ணீர் ஒரு சிரட்டை. உப்பும் சேரும், நல்ல தண்ணீரும் மிஞ்சும். புளிக்கும் மசாலைக்கும் கை அளவு உண்டு. முன்னெல்லாம் அளந்து ஊற்றிவிட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, பிறகு ஏதாவது கூட்டுவார், குறைப்பார். இப்போது அளவோடு நிறுத்திக்கொண்டார். கரண்டியை மட்டும் பழக்கம் விடாமல் வாய்க்குக் கொண்டுபோய்த் தலையை ஆட்டுவார். இரண்டு கொழும்பு நடை முடிந்தது, ஒருத்தனுக்கும் சந்தேகம் வரவில்லை. "அண்ணன் சமையல் இந்த வருஷம் ஒரே சீரா இருக்கு" என்று வில்பிரட்கூடச் சொன்னான். வில்பிரட் பாய்மரம் ஏறுகிற ஆள். வாய் கொஞ்சம் நீளம்.

எழுபத்துமூன்று ஜனவரியில் வாடைக் காற்றைப் பிடித்துக்கொண்டு மாலத்தீவுக்கு ஓடு ஏற்றிப் போனார்கள். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. தலைநகர் மாலேயில் அனுமதி வாங்கிக்கொண்டு, தெற்கே தள்ளி ஒரு சின்னத் தீவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே பள்ளிவாசலுக்குக் கூரை போட ஓடு வேண்டியிருந்தது. காற்று திரும்புகிறவரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்றார் தண்டல்.

தீவுக்குப் போய்ச் சேரும்போது பீப்பாய் அடி தட்டிவிட்டது. வில்பிரட்டும் இன்னும் இரண்டு பேரும் தீவுக் கிணற்றில் இறைத்து நிரப்பிக்கொண்டு வந்தார்கள். மழையில்லாத மாசம், கடலுக்கு முழம் உயரத்தில் கிடக்கிற மண்ணில் தோண்டிய கிணறு. தண்ணீர் சவர் தட்டி உப்புக் கரித்தது. குடித்தவன் எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடித்தான். அதை யாரும் ரோச்சிடம் தனியாகச் சொல்லவில்லை. நாக்குள்ள எவனுக்கும் அதைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை அல்லவா? ரோச்சும் ஒரு சொம்பு மொண்டு மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

ஓடு இறக்க ஊர்க்காரர்கள் கைகொடுத்தார்கள். அதற்காகத் தீவின் தலைவரைத் தண்டல் சாப்பிடக் கூப்பிட்டார். கத்தீபு என்று அவரைச் சொல்வார்கள். வெள்ளைத் தொப்பி வைத்த, அளந்து பேசுகிற மனிதர். ரோச் சோறு வடித்து, சூரை மீன் குழம்பு வைத்தார். எப்போதும்போல மூன்றுக்கு ஒன்று.

கத்தீபு பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். தண்ணீர் குடித்தார். இன்னொரு வாய் வைத்தார், மறுபடி தண்ணீர் குடித்தார். பிறகு சிரித்த முகத்தோடு நெஞ்சில் கை வைத்து, வயிறு நிறைந்துவிட்டது என்று சாடை காட்டினார். தண்டலுக்கு முகம் கறுத்துவிட்டது.

வில்பிரட் சும்மா இருப்பானா? "அண்ணே, இது குழம்பா, கருவாடு ஊறவச்ச தண்ணியா?"

"ஓசிச் சோத்துக்கு ஒனக்கு வாய் ரொம்பத்தான் நீளுது" என்றார் ரோச். அவர் ஓரமாக உட்கார்ந்து, குவித்துப் போட்ட சோற்றில் அதே குழம்பை ஊற்றிப் பெரிய பெரிய உருண்டையாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். அடுத்த உருண்டையை எடுக்கும்போதுதான் அவர் தலையை நிமிர்த்தினார். மற்றவர்கள் தட்டில் சோறு அப்படியே இருந்தது. எல்லார் கண்ணும் அவர் கையில் இருந்தது.

கத்தீபைக் கரையில் விட்டுவிட்டு வந்த தண்டல், தோணியின் வால்பக்கம், பின்னணியத்தில் ரோச்சைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எப்பத்துல இருந்து?"

"திருநாளு கழிஞ்சு காய்ச்ச வந்துதுல்லா. அதுல இருந்து."

"இம்புட்டு நாளும் எங்ககிட்ட மறைச்சிருக்க."

"சோறு நல்லாத்தான இருந்துது தண்டலே, இன்னைக்கு வரைக்கும்?"

தண்டல் கத்துகிற ஆள் இல்லை. அதுதான் ரோச்சுக்குப் பயம்.

"வில்பிரட்டு சமைக்கட்டும். ஊருக்குப் போய் ஒன் காரியத்தப் பேசிக்கிடலாம்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"கரையில போய் நடல. தோணிக்குள்ள கெடந்து அவன நோண்டிக்கிட்டு இருக்காத."

வேலை போனது போலத்தான் ரோச்சுக்கு இருந்தது. மறுநாள் காலை வள்ளத்தில் ஏறி, வாழ்நாளில் முதல்தடவையாக மாலத்தீவு மண்ணில் இறங்கினார். மணல் மாவுபோலக் கிடந்தது. கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் பின்னால் கட்டிக்கொண்டார், பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார், அப்புறம் மறுபடி பின்னால் கட்டிக்கொண்டார்.

கரையோரமாகவே நடந்தார். ஆள் அரவம் இல்லை. வெயில் உச்சிக்கு வருமுன் இறங்கின இடத்துக்கே வந்து நின்றார். தீவே அவ்வளவுதான். சரி, உள்ளே போவோம் என்று போனார். தெருவெல்லாம் வெள்ளை மணல், விளக்குமாறு போட்ட கோடு கலையாமல் இருந்தது. இரண்டு பக்கமும் பவளக்கல் அடுக்கிய சுவர். சீமைப்பலா மரத்தில் கட்டில் அகலத்துக்கு ஊஞ்சல் தொங்கியது. அதில் ஒருத்தன் படுத்துக்கொண்டே இவரைப் பார்த்துத் தலையாட்டினான். ஊரில் ஏதோ குறைகிறது என்று ரோச்சுக்குப் பட்டது. என்னவென்று பிடிபட நேரமானது. நாய் இல்லை. ஒரு தெருவிலும் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

மறுநாளும் போனார். மூன்றாம் நாள் ஒரு வீட்டு முற்றத்தில் பெண்கள் பெரிய அண்டாவில் மீன் அவித்துக்கொண்டிருந்தார்கள். மாசிக் கருவாட்டுக்கு. கழுத்தோரம் சரிகை தைத்த நீளச் சட்டைக்காரிகள். அடுப்பைக் கண்டதும் கால் தானாக நின்றுவிட்டது. தீ கொஞ்சம் கூடுதல் என்று தோன்றியது. சொல்லப் பாஷை இல்லை. சொல்லக்கூடாது என்றும் தோன்றியது. கிழவி ஒருத்தி மீன் அவித்த தண்ணீரில் சோற்றைப் போட்டு, மிளகாய் கிள்ளி, எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள். உட்கார்ந்து சாப்பிட்டார். சூடு இருந்தது, மிளகாய் எரித்தது. அவர் வாயைப் பார்த்துக்கொண்டு அங்கே யாரும் நிற்கவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு கரண்டியை ஆட்டி வேஷம் போடாமல் அவர் சாப்பிட்ட முதல் சோறு அதுதான். அப்போதும் ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்ற நினைப்பு அவரை விடவில்லை.

காற்று திரும்பியதும் சவர்த் தண்ணீரையே நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். வில்பிரட் அடுப்பில் நின்றான். அவனுக்கு அளவு கிடையாது. அரிசியைப் பீப்பாய்த் தண்ணீரிலேயே கழுவினான், மீனுக்கு வைத்திருந்த உப்புக்கல்லைப் பிடி பிடியாகப் போட்டான், கரித்தால் இன்னும் தண்ணீர் ஊற்றினான். ஒருத்தன் உப்பு அதிகம் என்றான், இன்னொருத்தன் பத்தாது என்றான். ரோச் பாய் நிழலில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

நடுக்கடலில் காற்று செத்தது. பாய் துணிபோலத் தொங்கியது. தண்டல் பீப்பாய்க்குள் கோலை விட்டுப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் வந்தார்.

"ஏல, குளிச்சியா இதுல?"

"சோறுதான் பொங்குனேன்" என்றான் வில்பிரட்.

"இப்படிப் பொங்குனா ஊரு போய்ச் சேர நாக்கு வறண்டுதான் போவோம். ரோச்சு, எந்திரி."

ரோச் எழுந்தார். அடுப்புக்கு நேராகப் போகவில்லை. பீப்பாயில் ஒரு சிரட்டை மொண்டு, எல்லாரும் பார்க்க, தண்டல் முன்னால் நீட்டினார்.

"இது எம்புட்டுக் கரிக்குதுன்னு சொல்லும். எனக்குத் தெரியாது."

சொல்லி முடித்ததும் அவருக்குக் காது சூடாகிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை, வில்பிரட்கூட வேறெங்கோ பார்த்தான். தண்டல் குடித்துப் பார்த்தார், நாக்கைச் சப்புக்கொட்டினார். "கடல் தண்ணி உப்புல நாலுல ஒரு பங்கு இருக்காது. ஆறுல ஒண்ணு சொல்லலாம்."

ரோச் மனசுக்குள் கூட்டிக் கழித்தார். பீப்பாய்த் தண்ணீர் ஒன்பது சிரட்டைக்குக் கடல் தண்ணீர் ஒன்று என்று வைத்தார். அரிசியைக் கடல் தண்ணீரில் அலசி, கடைசி அலசலுக்கு மட்டும் பீப்பாயைத் தொட்டார். அன்றைக்குத் தட்டுகள் பேச்சில்லாமல் காலியாயின. தண்டல் கை கழுவிக்கொண்டே சொன்னார், "தண்ணி மாறுத எடத்துல எங்கிட்ட சிரட்டையக் கொண்டு வா. நங்கூரம் போட்ட எடத்துல நீ அடுப்பத் தொடாத, விருந்தாளி வருவான், வில்பிரட்டு பாத்துக்கிடட்டும். கடல்ல ஒன் பாடு."

"ஊருல பேசணும்னீரே?"

"அதான் பேசியாச்சுல்லா."

கடற்கரையில் விஷயம் தெரியத்தான் தெரிந்தது. கொஞ்ச நாள் கேலி செய்தார்கள். அம்புரோஸ் தண்டல் பண்டாரியை மாற்றவில்லை என்றதும் கேலி நின்றுபோனது.

அடுத்த வருஷம் மாலத்தீவில் வேறொரு தீவில் நங்கூரம் போட்டார்கள். ரோச் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு வள்ளத்துக்குள் காலை வைத்தார். அடுப்பிலிருந்து வில்பிரட் கரண்டியோடு ஓடிவந்தான்.

"அண்ணே, நில்லும். உப்பு சரியா இருக்கான்னு பாத்துட்டுப் போம்."

"எங்கிட்டயால கேக்க?" என்றார் ரோச். வில்பிரட் கரண்டியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். அதற்குள் வள்ளம் கரையைப் பார்க்கத் திரும்பிவிட்டது.